கூடலூர் மைக் செட்காரன் கேட்ட இந்தியன் ஓஷன்

எந்த இசை நிகழ்ச்சிக்குப் போனாலும், மேடையைப் பார்ப்பதற்கு முன், எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அளவுபடுத்தும் மிக்சர் மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று பந்தலூர் முதல் மசினகுடி வரை நான் ஒலிபெருக்கிப் பெட்டி இறக்காத ஊர் குறைவு. ஆகவே, கடந்த டிசம்பரில் பெங்களூரில் 'இந்தியன் ஓஷன்' என்ற ராக் இசைக்குழுவை முதன்முறையாக நேரில் கேட்டதைப் பற்றிய இந்த மதிப்புரையில், பாட்டைப் பற்றிய பேச்சோடு பெட்டியைப் பற்றிய பேச்சும் கலந்துதான் வரும். இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்குத் தெரியாது.

இந்தக் குழுவை நான் தேடிப் போகவில்லை; அது ஒரு ஒலிநாடாவாக என் கடைக்கு வந்தது. கடை தொடங்கிய புதிதில், கல்லூரி விழா ஒன்றுக்குப் பெட்டி எடுத்துச் சென்ற மாணவர்கள் திருப்பிக் கொடுத்தபோது டேப் டெக்கில் 'கந்தீஸா' என்ற கேசட்டை மறந்து விட்டுப் போய்விட்டார்கள். பழுது பார்த்த பெட்டியைச் சோதிப்பதற்கு எப்போதும் ஒரே பாட்டைப் போட்டுப் பார்ப்பவன் நான். அன்று கைக்கு அகப்பட்ட இந்தக் கேசட்டைப் போட்டேன். தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, சாலைக்கு எதிர்ப்புறம் குருமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மச்சி, கோட்டயம் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே வந்துவிட்டார். "மோனே, இது எங்கள் குர்பானாவில் பாடுவதல்லவா? இதை யார் இப்படி மத்தளம் கொட்டிப் பாடுகிறார்கள்?" என்று கேட்டார். குர்பானா என்பது கேரளத்துச் சுறியானிக் கிறித்தவர்களின் திருப்பலி வழிபாடு. 1960-களில் வழிபாடு மலையாளத்துக்கு மாறுவதற்கு முன்பு, சுறியானி (சிரியாக்) என்னும் பழைய வழிபாட்டு மொழியிலேயே அதைப் பாடி வளர்ந்தவர் அவர். 'கந்தீஸா ஆலாஹா' என்றால் 'தூய இறைவனே' என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். தில்லியைச் சேர்ந்த ஒரு ராக் குழு, கேரளத்துக் கிறித்தவர்களின் மிகப் பழைய வேண்டுதலைப் பாடியிருக்கிறது என்பதும், அதை அடையாளம் காண்பதற்குக் கூடலூரில் என் கடைக்கு எதிரிலேயே ஆள் இருந்தார் என்பதும் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் 1990-இல் தில்லியில் தொடங்கிய குழு இது. பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராம் 1991-இலும், டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலாம் 1994-இலும் வந்து சேர்ந்தார்கள். 1993-இல் முதல் தொகுப்பு வந்தது. 2000-இல் வந்த 'கந்தீஸா'தான் இவர்களை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் இறந்தார். 2013-இல் சுஸ்மித் சென் விலகினார். ஆக, தொடங்கிய இருவருமே இன்று குழுவில் இல்லை. ராகுல் ராமும் அமித் கிலாமும் நிற்க, ஹிமான்ஷு ஜோஷி பாட்டுக்கும், துஹீன் சக்ரவர்த்தி தபலாவுக்கும், நிகில் ராவ் கிட்டாருக்கும் வந்திருக்கிறார்கள். 'பழைய ஆட்கள் போன பிறகு அதே பெயரில் நடத்துவது அதே குழுவா?' என்ற கேள்வி எல்லா மூத்த ராக் குழுக்களையும் பார்த்துக் கேட்கப்படுவதுதான். நானும் அந்தச் சந்தேகத்தோடுதான் போனேன்.

போய்வந்த கதை ஒரு பக்கம். கூடலூரிலிருந்து மைசூர் வழியாகப் பெங்களூர் சுமார் 250 கிலோமீட்டர். தூரத்தைவிட நேரந்தான் பிரச்சினை. இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை மூடப்பட்டிருக்கும் என்பதால், மாலை நிகழ்ச்சிக்குச் சொந்த வண்டியில் போகும் கூடலூர்க்காரர் எவரும் அன்றிரவே வீடு திரும்ப முடியாது. யானைக்கு வழி விட்டுத்தான் நாம் பாட்டுக் கேட்க வேண்டும்; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், டிக்கெட் விலையோடு ஓர் இரவுத் தங்கலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் படிக்கும் என் மகள் இணையத்தில் டிக்கெட் எடுத்தாள்: ஆளுக்கு 1,499 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை. நானும் என் மைத்துனரும் காலையிலேயே ஜீப்பில் கிளம்பி, பிற்பகலில் நகருக்குள் நுழைந்து, அதன் பிறகு நகருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் ஊர்ந்து அரங்கத்தை அடைந்தோம்.

அரங்கம் ஒரு வணிக வளாகத்தை ஒட்டியது. நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் கேட்க வேண்டும். இதை டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருந்ததாக என் மகள் பிறகு சொன்னாள். பின்பக்கம் நீளமான மதுக்கூடம், அதன் மேல் தாழ்ந்த கூரை, இரண்டு பக்கமும் பூச்சு மட்டும் பூசிய வெறும் சுவர். உள்ளே நுழைந்தவுடனேயே, 'இங்கே அடித்தொனி தேங்கும்' என்று மைத்துனரிடம் சொன்னேன். அறிவித்த நேரத்துக்கு ஐம்பது நிமிடம் கழித்து நிகழ்ச்சி தொடங்கியபோது, அப்படியேதான் ஆயிற்று.

இந்தக் குழுவின் ஒலி அமைப்பு சாதாரணமானதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வழக்கமான ராக் குழுவில் அடித்தொனி எழுப்புபவர் இருவர்: டிரம்ஸின் பெரிய காலடி முரசும் பேஸ் கிட்டாரும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காலடி முரசின் கனம் அதற்குச் சற்று மேலே உட்காரும். இந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பிரிப்பதே பாதி வேலை. இந்தியன் ஓஷனில் மூன்றாவதாகத் தபலாவின் இடக்கைப் பக்கமும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. தபலாவின் மெல்லிய விரல் சத்தம் கேட்க வேண்டுமென்றால் மைக்கைத் தோலுக்கு அருகில் வைத்து ஒலியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பக்கத்திலிருக்கும் டிரம்ஸின் சத்தமும் அதே மைக்கில் நுழையும். இன்னும் ஏற்றினால் மைக் கத்தும். எங்கள் ஊர்த் திருவிழாவில் தவிலுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் ஒரே மேடையில் மைக் வைக்கச் சொல்லும் தலைவர்களிடம் நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

முதல் இரண்டு பாட்டும் எனக்குச் சேறாகவே கேட்டன. ஹிமான்ஷு ஜோஷி வாயைத் திறப்பது தெரிந்தது; குரல் வந்ததா என்றால், யாரோ பக்கத்து அறையில் பாடுவது போல வந்தது. மதுக்கூடத்தின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்த எங்களுக்கு, மேடைப் பெட்டியின் சத்தம் ஒரு முறையும் பின்சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் ஒரு முறையுமாக ஒவ்வொரு அடியும் இரண்டாக விழுந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். முப்பது மீட்டர் நீளமுள்ள கூடத்தில் பின்னால் தனிப் பெட்டி வைப்பவர்கள், முன்பெட்டியின் ஒலி வந்து சேரும் வரை அதைக் கிட்டத்தட்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதப்படுத்த வேண்டும். அங்கே பின்பெட்டியும் இருந்தது. அது தாமதப்படுத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. "அப்பா, நீங்கள் வேலைக்கு வரவில்லை, பாட்டுக் கேட்க வந்திருக்கிறீர்கள்" என்று மகள் நினைவூட்டினாள். அவள் சொன்னது நியாயந்தான். ஆனாலும் மூன்றாவது பாட்டுக்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிக்சர் மேசைக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டேன். அங்கே நின்ற பிறகு அது வேறொரு நிகழ்ச்சி. ஒலியமைப்பாளர் தன் காதுக்குச் சரியாக இருப்பதைத்தான் கூடத்துக்குக் கொடுக்கிறார். ஆகவே அவர் காது இருக்கும் இடத்துக்கு நம் காதைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். 1,499 ரூபாய்க்கு அந்தக் கூடத்தில் விற்கப்பட்ட நல்ல இடம் ஏறத்தாழ நாற்பது பேர் நிற்கக்கூடிய பரப்பு மட்டுமே.

அங்கிருந்து கேட்கும்போதுதான் நான் மலையிறங்கி வந்ததற்கான காரணம் புரிந்தது. கேசட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்டுவந்த அஷீம் சக்ரவர்த்தி, ஒரே நேரத்தில் தபலா வாசித்துக்கொண்டு பாடியவர். இது எவ்வளவு அரிது என்பதை, கொங்கு நாட்டில் உடுக்கையை அடித்துக்கொண்டே அண்ணன்மார் கதை பாடுபவரை ஓர் இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப் பாடுபவரிடம் கைக்கும் வாய்க்கும் நடுவில் இருப்பது ஒரே மூச்சு. சொல் நீளும்போது கை தானாகப் பதுங்கும். மூச்சு வாங்கும் இடத்தில் கை முன்னால் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும். தாளம் பாட்டுக்குத் துணை போகிறதா, பாட்டு தாளத்தின் மேல் சவாரி செய்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'கந்தீஸா' கேசட்டில் நான் கேட்டது இதைத்தான். அதன் பெயர் தெரியாமலேயே கேட்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு அந்த ஒரு மனிதரின் வேலை இருவருக்குப் பிரிந்துவிட்டது. துஹீன் சக்ரவர்த்தி தபலாவிலும் மற்ற தாளக் கருவிகளிலும் இருக்கிறார். ஹிமான்ஷு ஜோஷி மைக்கின் முன்னால் நிற்கிறார். இரண்டு உடல்கள், இரண்டு மூச்சுகள். இதை ஓர் இழப்பாக மட்டும் நினைத்துக்கொண்டுதான் நான் வந்தேன். முதல் அரைமணி நேரம் அப்படியேதான் கேட்டேன்: ஒவ்வொரு இடத்திலும் கேசட்டின் அஷீமை வைத்து அளந்துகொண்டிருந்தேன். பிறகு, நீளமாக ஓடும் 'கஜுராஹோ'வின் நடுவில், ஹிமான்ஷு ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். பாடுபவரே தபலாவும் வாசித்திருந்தால் அந்த இடத்தில் கை அடங்கியிருக்கும். துஹீன் அடங்கவில்லை. நிற்கும் குரலுக்கு அடியில் அவர் கை விரைவுபடுத்திக்கொண்டே போனது. குரல் அசையாமல் நிற்க, தாளம் அதைச் சுற்றி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமித் கிலாம் டிரம்ஸில் ஒரே ஒரு தட்டைத் தட்டி இருவரையும் சேர்த்து இறக்கினார். ஒரே ஆளாக இருந்தால் இது முடியாது. முன்பு தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒருவரைக் கேட்டோம். இப்போது இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். முதலாவதில் இருந்த நெருக்கம் இரண்டாவதில் கிடையாது. இரண்டாவதில் இருக்கும் வாதம் முதலாவதில் இருந்திருக்க வழியில்லை. இந்தக் குழு பழைய பாட்டுகளை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கவில்லை, இருக்கும் ஆட்களின் கைக்கும் மூச்சுக்கும் ஏற்ப அவற்றைப் பிரித்துக் கட்டியிருக்கிறது என்பதே இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்தது.

கிட்டார் விஷயத்தில் எனக்கு இந்த நிம்மதி முழுவதும் கிடைக்கவில்லை. சுஸ்மித் சென்னின் வாசிப்பில், ஒரு திறந்த தந்தி தம்புரா போல ஒலித்துக்கொண்டே இருக்க அதன் மேல் சுரங்கள் நடந்து போகும். அந்த ஓட்டமே பல பாட்டுகளுக்கு முதுகெலும்பு. நிகில் ராவின் கிட்டார் இன்னும் வெளிப்படையாக ராக் பக்கம் நிற்கிறது. அவர் கை தேர்ந்த கை, அதில் சந்தேகமில்லை. புதிய பாட்டுகளில் அந்தக் குரல் மிகப் பொருத்தமாகவும் இருந்தது. 2014-இல் வந்த 'தந்தானு'வுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கழித்து 2023-இல் வெளியான 'தூ ஹை' தொகுப்பின் பாட்டுகளைப் பாடும்போது ஐவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களைப் போல இருந்தார்கள். பழைய பாட்டுகளில்தான் என் காது பழைய தந்தியைத் தேடிற்று. இது கேசட் தேய்த்த காதின் பழக்கமாகவும் இருக்கலாம். இருபது வயதான என் மகளுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

'மா ரேவா' வந்தபோது கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். அந்த ஆற்றங்கரை மக்களின் பாட்டு அது. ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, நர்மதை அணைக்கட்டை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்து பணியாற்றியவர். ஆகவே அவர் அந்தப் பாட்டை, கண்காட்சியில் பார்த்த நாட்டுப்புறக் கலையை எடுத்துப் பாடுபவராகப் பாடவில்லை. நரைத்த நீள முடியோடு பேஸ் கிட்டாரை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பாடினார். சிரிப்பு இருந்தாலும் விளையாட்டு இல்லை. அணைகளுக்கு நடுவில் வாழ்கிற நீலகிரிக்காரனுக்கு அந்தப் பாட்டு கொஞ்சம் வேறு மாதிரிதான் காதில் விழும். 1932-இல் பைகாரா மின்நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் மலையின் தண்ணீர் மின்சாரமாகிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நானோ இன்றைக்கும் கல்யாணத்துக்குப் பெட்டி ஏற்றும்போது, வழியில் மின்சாரம் போகும் என்ற நிச்சயத்தோடு ஜெனரேட்டரையும் சேர்த்தே ஏற்றுகிறேன்.

அமித் கிலாம் இதற்கிடையில் டிரம்ஸிலிருந்து எழுந்துவந்து கப்குபி வாசித்தார். பாவுல் எனப்படும் வங்காளத்து நாடோடிப் பாடகர்களின் கருவி அது: அக்குளில் இடுக்கிக்கொள்ளும் சிறிய குடுவை, அதிலிருந்து இழுத்துப் பிடித்த நரம்பு, இழுவையைத் தளர்த்தியும் இறுக்கியும் மீட்டினால் சத்தம் வளைந்து நெளியும். மேடையிலேயே மிகச் சிறிய கருவி அதுதான். மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, அந்த ஒற்றை நரம்பு கூடத்தை முழுக்க வைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பணியர் பழங்குடியினர் துடியும் குழலும் வாசிக்கும்போதும் நான் இதையே கவனித்திருக்கிறேன்: சின்னக் கருவிக்கு நல்ல மைக் ஒன்று கொடுத்துவிட்டு, பக்கத்திலிருப்பவர்கள் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதற்குத்தான் முப்பது ஆண்டு அனுபவம் வேண்டியிருக்கிறது.

கோரக் பாண்டே எழுதிய போஜ்புரிப் பாட்டான 'ஹில்லே ரே', கபீரின் நெசவுப் பாட்டிலிருந்து எடுத்த 'ஜீனி' இரண்டும் நன்றாகவே இருந்தன. கூட்டம் காத்திருந்ததோ 'பந்தே'வுக்காக. 1993 மும்பைக் குண்டுவெடிப்பைப் பற்றிய 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்காகப் பியூஷ் மிஸ்ரா எழுதிய வரிகள். 'நில் மனிதா' என்று வேண்டும் பாட்டு. அதற்கு ஆயிரம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் எழுந்தன. நிறுத்தச் சொல்லி மன்றாடும் ஒரு பாட்டுக்குக் குதித்து ஆடுவது எனக்கு விளங்கவில்லை; இசையின் வேகம் அப்படிச் செய்யவைக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

'லீவிங் ஹோம்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வரிகள் கிடையாது, கருவிகள் மட்டும். வீட்டை விட்டுக் கிளம்புதல் என்பது தலைப்பு. என் அப்பா இலங்கையில் கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கடைசியில் கொளப்பள்ளிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கணக்குப் பார்த்தவர். அவர் அந்தப் பயணத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. வரிகள் இருந்திருந்தால் அந்தப் பாட்டு எனக்கு இந்திப் பாட்டாகவோ வேறு யாருடைய பாட்டாகவோ இருந்திருக்கும். வரியில்லாததால், எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ, அது எங்கள் வீட்டுப் பேச்சில்லாமை போலவே ஓடிற்று. என் மைத்துனரும் அதே கொளப்பள்ளிதான். பாட்டு முடிந்ததும் அவர் சிகரெட் பிடிக்கவேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். வாயிலில் என் மகளின் பையிலிருந்த எஃகுத் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீரை நூறு ரூபாய்க்கு விற்றார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுடன் ஏறினால் சோதனைச் சாவடியிலேயே பறித்து அபராதம் போடும் மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு, நிகழ்ச்சி முடிந்தபோது தரையில் கிடந்த கோப்பைக் குவியல் கண்ணை உறுத்தியது. சுற்றுச்சூழலைப் பற்றிப் பாடும் ஒரு குழுவுக்கு அதைவிட மேலான தரை வேண்டும். மதுக்கூடத்தின் பக்கம் நின்றவர்கள் மெதுவான பாட்டுகள் முழுவதும் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கப்குபி வாசிக்கும்போதுகூட ஒருவர் தன் வீட்டு வாடகை ஏறியதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வயதான குழுவைக் கேட்க வயதானவர்களும் வருவார்கள் என்ற எண்ணத்தில், சுவரோரமாகவாவது இருபது நாற்காலி போட்டிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற என் முழங்கால் மறுநாள் பந்திப்பூர்ச் சாவடியில் வண்டியை விட்டு இறங்க மறுத்தது.

பாட்டுகளுக்கு நடுவே ராகுல் ராம் நிறையப் பேசினார், பெரும்பாலும் இந்தியில். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு மகள்தான் பாதியைத் தமிழில் சொன்னாள், மீதியைச் சொல்ல மறுத்துவிட்டாள். இந்தி தெரியாதவர்கள் இந்தக் குழுவைக் கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: பேச்சில் கொஞ்சம் நட்டப்படுவீர்கள், பாட்டில் நட்டம் இல்லை. அதற்குச் சாட்சி 'கந்தீஸா'தான். ஏறத்தாழக் கடைசியாக அதைப் பாடினார்கள். 'கந்தீஸா ஆலாஹா, கந்தீஸா ஹைல்சானா, கந்தீஸா லாமாயோசா' என்று வரும்போது, அந்தக் கூடத்திலிருந்த தில்லிக்காரருக்கும் கன்னடக்காரருக்கும் எனக்கும் மொழி விஷயத்தில் ஒரே நிலைமை: யாருக்கும் சுறியானி தெரியாது. மற்ற பாட்டுகளில் கூடச் சேர்ந்து பாடியவர்கள் இதற்கு வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மதுக்கூடத்தின் பக்கம்கூடச் சற்று நேரம் அடங்கியது. நால்வர் குரல் சேர்ந்து எழும் இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடுகிறது. பிறகு மெல்லத் திரும்பிவந்து முழு ராக் பாட்டாக வளர்ந்து முடிகிறது. கேசட்டில் அந்த வளர்ச்சியைக் கேட்டிருக்கிறேன். நெஞ்செலும்பில் உணர்ந்தது அன்றுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அவர்கள் திறந்த வெளியிலோ, நாற்காலி போட்ட நாடக அரங்கிலோ வாசிக்கும் நாளுக்குக் காத்திருங்கள். தபலாவும் பேஸும் சேரும் இசைக்கு, வெறும் சுவரும் தாழ்ந்த கூரையும் கொண்ட மதுக்கூட அரங்கம் பகை. வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட இடத்துக்கே போக நேர்ந்தால், கதவு திறந்ததும் மேடைக்கு ஓடாமல் மிக்சர் மேசைக்கு முன்னால் இடம் பிடியுங்கள். மலையிலிருந்து போகிறவர்கள் இரவு மைசூரிலோ குண்டல்பேட்டையிலோ தங்கி, ஆறு மணிக்குச் சாவடி திறக்கும்போது முதல் வரிசையில் நின்றுவிடுங்கள். ஏழு மணிக்கு வந்தால் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் கூடலூரை ஒட்டிய தொரப்பள்ளி வரை ஊர வேண்டியிருக்கும். இவ்வளவு செலவும் அலைச்சலும் தகுமா என்று என் மைத்துனரைக் கேட்டால், அவர் அடுத்த முறை எப்போது என்று கேட்பார்.

கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களைப் பற்றி மேலே குறை சொன்னேன். 'கந்தீஸா'வில் ஒரு நிமிடம் நானும் தூக்கிப் பிடித்தேன் என்பதை மறைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மச்சிக்கு இப்போது எண்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குக் காட்டுவதற்காக எடுத்தேன். மறுநாள் மாலை திண்ணையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியபோது, கைப்பேசியின் சிறிய மைக் அவ்வளவு சத்தத்தைத் தாங்காமல், குரலெல்லாம் உடைந்து, அடித்தொனி எழுப்பும் சப் பெட்டியின் உறுமல்தான் பெரிதாகப் பதிவாகியிருந்தது. இருபத்தாறு ஆண்டு மைக் செட்காரனுக்கு இது வெட்கம். அம்மச்சி கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது மோனே. ஆனால் எங்கள் மாதா கோயிலில் இவ்வளவு இழுக்க மாட்டார்கள்" என்றார்.